பக்கம் 1157

கார்டனர்ஸ் குரோனிக்கல், 1869, பக்கம் 1157.

கோப்பிச் செடியின் துரு நோயை ஆராய்கிறவர் கொலம்பியாவில் இருந்தாலும் எத்தியோப்பியாவில் இருந்தாலும், அந்த நோயின் வரலாற்றைத் தொட்டு எழுதும்போது பெரும்பாலும் இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்வார். அங்கே அச்சாகியிருப்பது நம் பதுளை மாவட்டத்து விஷயம். 1869இல் மடுல்சீமைத் தோட்டங்களில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். நோய் கண்ட இலைகள் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் த்வெயிட்ஸின் கைக்குப் போயின. அங்கிருந்து கப்பலேறி, இங்கிலாந்தில் பெர்க்லி என்ற பாதிரியாரிடம் சேர்ந்தன. பூஞ்சைகளை இனங்காண்பதில் அந்நாளில் பெயர்பெற்றவர் அவர். நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் முள்ளுமுள்ளாகவும் இருந்தது. அவரும் நண்பர் புரூமும் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கார்டனர்ஸ் குரோனிக்கல் என்ற வாரப் பத்திரிகை அதை வெளியிட்டது. அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் இலங்கையின் கோப்பி ஏறத்தாழ அழிந்து, மலைநாடு முழுக்கத் தேயிலை ஏறியது.

வாரப் பத்திரிகைக்கு ஏது ஆயிரத்துக்கு மேல் பக்கம்? ஜனவரியில் ஒன்று என்று தொடங்கும் பக்க எண் டிசம்பர் வரை அறுபடாமல் ஓடும். வாரா வாரம் புதிதாக எண்ணுவதில்லை. ஆகவே ஆண்டும் பக்கமும் தெரிந்தால் போதும், எந்த வாரத்து இதழ் என்று தெரியாமலே அந்தத் தாளைத் தொட்டுவிடலாம். இன்றைக்கும் பல ஆய்வுச் சஞ்சிகைகளில் ஒரு தொகுதி முழுவதற்கும் பக்க எண் தொடர்ந்து ஓடுகிறது. உசாத்துணையில் சிலர் இதழ் எண்ணை விட்டுவிட்டுத் தொகுதியையும் பக்கத்தையும் மட்டும் தருவது இதனால்தான்.

பதுளையிலிருந்து பசறை போகும் வீதியில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. அதே வீதியில் பசறையைக் கடந்துதான் மடுல்சீமைக்கும் போகவேண்டும். தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. லயத்துப் பிள்ளைகள் ஆய்வேடு எழுதுகிற காலம் இது. ஆய்வேட்டிலிருந்து ஒரு சஞ்சிகைக் கட்டுரையை உருவாக்கும்போது அவர்களை அதிகம் களைக்கவைப்பது பரிசோதனையைவிடக் கடைசியில் வரும் உசாத்துணைப் பட்டியல்தான். எங்கே காற்புள்ளி, எங்கே சாய்வெழுத்து, ஆண்டு முன்னாலா பின்னாலா என்று ஒவ்வொரு சஞ்சிகையும் ஒவ்வொன்று கேட்கும். இது வெறும் சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பட்டியலைப் போல அறிவியலின் நேர்மை கண்ணுக்குத் தெரிகிற இடம் கட்டுரையில் வேறு இல்லை.

முகவரி இல்லாமல் வாழ்வது என்னவென்று தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லயத்துக் காம்பராவுக்கென்று தனி இலக்கமோ வீதிப் பெயரோ இல்லாததால் கடிதம் தோட்டத்து அலுவலகத்தில் போய்க் கிடக்கும். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு தேர்வு முடிந்தபின் கைக்கு வந்த கதைகள் மலையகத்தில் எத்தனையோ. உசாத்துணை என்பது ஒரு கருத்தின் முகவரி. யார் சொன்னது, எந்த ஆண்டு, எந்தச் சஞ்சிகை, எந்தத் தொகுதி, எந்தப் பக்கம். இதில் ஒன்று பிசகினாலும் தேடிப் போகிறவர் வேறு வாசலில் நிற்பார்.

கிட்டப்போய்ப் பார்க்க ஓர் உதாரணம். மடுல்சீமையில் தொடங்கிய அந்த நோயைப் படிக்க 1880இல் மார்ஷல் வார்டு என்ற இளைஞர் இலங்கைக்கு வந்தார். கண்ணாடித் தகடுகளில் கிளிசரின் பூசித் தோட்டங்களில் வைத்து, காற்றில் வரும் பூஞ்சைத் துகள்களைப் பிடித்து எண்ணினார். நோய் காற்றில் பரவுகிறது, இடைவெளியே இல்லாமல் மலை மலையாக ஒரே பயிரை நட்டிருப்பது அதற்கு வழி திறந்துவிடுகிறது என்று காட்டினார். அவருடைய முக்கியமான கட்டுரையைப் பெயர்-ஆண்டு முறையில் எழுதினால், 'வார்டு, எச்.எம். (1882)' என்று தொடங்கி, கட்டுரைத் தலைப்பு, 'லின்னியன் சங்கத்தின் சஞ்சிகை, தாவரவியல், 19, 299–335' என்று முடியும். எண் முறையில் எழுதினால், முன்னால் ஓர் எண் நின்று, ஆண்டு பின்னுக்குப் போய், '1882;19:299–335' என்று நெருக்கிக்கொள்ளும்.

இதில் 'தாவரவியல்' என்ற ஒரே ஒரு சொல்லைக் கவனியுங்கள். லின்னியன் சங்கம் தாவரவியலுக்கு ஒன்று, விலங்கியலுக்கு ஒன்று என்று இரண்டு சஞ்சிகைகள் நடத்தியது. இரண்டுக்கும் 19ஆம் தொகுதி உண்டு. அந்தச் சொல்லை விட்டுவிட்டால், வாசகர் கோப்பி இலையைத் தேடிப் போய் விலங்கியல் கட்டுரை ஒன்றின் நடுவில் விழுவார். பட்டியலில் மிகையாகத் தோன்றும் ஒவ்வொரு துணுக்கும் இப்படி யாரோ வழிதவறிய அனுபவத்திலிருந்து வந்ததுதான்.

இந்த இரண்டு முறைகளும் வந்த கதை சிறியது. கட்டுரையின் உடலிலேயே அடைப்புக்குறிக்குள் பெயரையும் ஆண்டையும் போடும் முறையைத் தொடங்கியவராகச் சொல்லப்படுபவர் எட்வர்ட் மார்க். ஹாவர்ட் பல்கலைக்கழக விலங்கியலாளர். 1881இல், ஓடில்லா நத்தை ஒன்றின் முட்டை வளர்ச்சியைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் அப்படிச் செய்தார். அதனால்தான் அதற்கு ஹாவர்ட் முறை என்று பெயர். எண் முறை மருத்துவச் சஞ்சிகைகளில் நிலைபெற்றதற்கு, 1978 ஜனவரியில் கனடாவின் வன்கூவர் நகரில் சில மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்கள் கூடி ஒரு பொது வடிவத்துக்கு ஒப்புக்கொண்டது காரணம். எது சிறந்தது என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. சஞ்சிகை எதைக் கேட்கிறதோ அதைக் கொடுத்துவிடலாம். சொட்டெரோ போன்ற இலவச மென்பொருள்கள் ஒரு சொடுக்கில் மாற்றித் தருகின்றன. ஆனால் முகவரி சரியா என்று அந்த மென்பொருள் பார்க்காது. அது எழுதுகிறவர் வேலை.

தேயிலையைப் பற்றி எழுதும் எவரும் முதல் பத்தியிலேயே எழுதவேண்டிய பெயர் கமேலியா சினென்சிஸ். அதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் 'எல்', அடைப்புக்கு வெளியே 'குன்ட்சே' என்று வரும். மாணவர்கள் இதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நின்று பார்க்கத்தக்க இடம் அது. அந்த 'எல்' லின்னேயஸ். அவர் 1753இல் தேயிலைக்குத் தேயா சினென்சிஸ் என்று பெயர் வைத்தார். தேயாவைக் கமேலியாவோடு சேர்க்கவேண்டும் என்று 1887இல் குன்ட்சே அந்த இனத்தை இடம் மாற்றினார். முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குள் போய்விடுவார், இடம் மாற்றியவர் வெளியே நிற்பார். இது தாவரவியல் வழக்கம். விலங்கியலில் இடம் மாற்றியவரின் பெயரையே சொல்வதில்லை. பேரினம் மாறியிருந்தால் முதலில் பெயரிட்டவரை அடைப்புக்குள் போடுவதோடு சரி. ஆக, ஓர் அடைப்புக்குறி இருக்கிறதா இல்லையா என்பதே ஒரு நூற்றாண்டு விவாதத்தைச் சொல்லிவிடுகிறது.

தேயிலைக் கொப்புகளைத் துளைக்கும் சிறு வண்டின் கதை இதைவிட வியப்பானது. எள் அளவு வண்டு அது. கொப்புக்குள் சுரங்கம் குடைந்து, அதன் சுவரில் ஒரு பூஞ்சையைப் பயிரிட்டு, அதைத் தின்று வாழ்கிறது. துளைபட்ட கொப்பு காற்றில் ஒடியும். ஐக்கோஃப் என்பவர் 1868இல் இலங்கையிலிருந்து போன வண்டை வைத்து ஃபோர்னிகேட்டஸ் என்ற பெயரைக் கொடுத்தார். அது வளர்க்கும் பூஞ்சையைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த காட், லூஸ் இருவரும் 1947இல் விவரித்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் தேயிலை எழுத்துகளில் ஒரே பெயர் ஓடியது. பிறகு மரபணுவைப் பார்த்தவர்கள், இது ஒரு வண்டல்ல, கண்ணால் பிரித்தறிய முடியாத பல வண்டுகள் என்றார்கள். எதற்குப் பழைய பெயர், எதற்குப் புதுப் பெயர்? 2018இல் ஒரு பங்கீடு செய்தார்கள். தொலைந்துபோனதாக நினைத்திருந்த ஐக்கோஃபின் மூல வண்டு அதன்பிறகு கிடைத்தது. அதை அளந்து பார்த்ததும் 2018இன் பங்கீடு தலைகீழானது. 2019இல் நான்கு பெயர்களாக மறுபடி பிரித்து எழுதினார்கள். தேயிலை வண்டு என்று முந்தைய ஆண்டு எண்ணியிருந்ததற்கு ஃபோர்னிகேட்டஸ் என்ற பெயர் பொருந்தாமல் போயிற்று.

இனி ஒரு மாணவி பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொப்புகளைப் பிளந்து பார்த்து, 'ஃபோர்னிகேட்டஸ்' என்று மட்டும் எழுதினால் எதைச் சொல்கிறாள்? 1950இன் பொருளிலா, 2018இன் பொருளிலா, 2019இன் பொருளிலா? பக்கத்தில் ஓர் ஆண்டும் ஓர் ஆசிரியர் பெயரும் இருந்தால் கேள்வியே எழாது. ஒரு பூச்சியை இன்னொரு பூச்சி என்று எண்ணி மருந்து சிபாரிசு செய்யும் ஆபத்து வெறும் எழுத்துப் பிழையோடு முடிவதில்லை, கொழுந்து பறிக்கிறவரின் மலைக்கே போய்ச் சேரும்.

பிழையான முகவரிகள் எப்படிப் பரவுகின்றன என்பதையே ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர், 4,300 தடவை மேற்கோள் காட்டப்பட்ட ஒரு புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள். அதன் தொகுதி, பக்கம், ஆண்டு ஆகியவற்றில் 196 மேற்கோள்கள் பிழையாக இருந்தன. ஆனால் பிழையின் வகைகள் 45தான். ஒரே ஒரு பக்க எண் பிழை 78 தடவை திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஒரே தவற்றை 78 பேர் தனித்தனியாகச் செய்ய வாய்ப்பில்லை. ஒருவர் பட்டியலை மற்றவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுகிறவர்களில் ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படித்திருக்கலாம் என்று 2003இல் அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இல்லாத கட்டுரைக்கே முகவரி எழுதப்பட்டதும் உண்டு. 'விஞ்ஞானக் கட்டுரை எழுதும் கலை' என்று பொருள்படும் தலைப்பில், 2000ஆம் ஆண்டு, வான் டெர் கீர் முதலிய மூவர் எழுதியதாக ஓர் உசாத்துணை பல கட்டுரைகளில் காணப்பட்டது. நெதர்லாந்தின் குரோனென்பர்க் என்ற பேராசிரியர் அதைத் தேடிப் போனார். கட்டுரையும் இல்லை, அப்படி ஒரு சஞ்சிகையும் இல்லை. எல்ஸ்வியர் பதிப்பகம், உசாத்துணை இப்படி அமையவேண்டும் என்று ஆசிரியர்களுக்குக் காட்டக் கற்பனையாக எழுதிவைத்த மாதிரி வரி அது. மாதிரியை அழிக்க மறந்தவர்களாலும், பார்த்து எழுதியவர்களாலும் அது ஏறக்குறைய 400 தடவை மேற்கோளாகிவிட்டது. ஆன்-வில் ஹார்சிங் 2017இல் இதை எழுதி உலகுக்குச் சொன்னார். இப்போது கணினியோடு பேசிக் கட்டுரை எழுதுவோர் பெருகியிருக்கிறார்கள். அந்தக் கணினிகள் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் பொருத்தமாகப் போட்டு, உலகில் இல்லாத கட்டுரைகளுக்கு அழகான உசாத்துணை தருகின்றன. வடிவம் பிசகாமல் இருப்பதால் கண்ணுக்குச் சந்தேகம் வருவதில்லை.

மேற்கோளின் அருமை தமிழுக்குப் புதிதல்ல. வளையாபதி முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. உரையாசிரியர்களும் புறத்திரட்டும் எடுத்தாண்ட செய்யுள்களால்தான் அது இருந்ததே தெரிகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி இப்படி உரைகளில் சிதறிக் கிடந்த மேற்கோள்களைப் பொறுக்கி, 'மறைந்து போன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகமே செய்தார். ஆனால் பழைய உரைகளில் நூற்பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டிய செய்யுள்களும் நிறைய. அவை எந்த நூலைச் சேர்ந்தவை என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். உரைகாரர் நூற்பெயரையும் ஒரு சொல்லாகச் சேர்த்திருந்தால் தொலைந்த நூல்கள் பலவற்றின் உருவம் நமக்கு இன்னும் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

இனி நம்மவர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கல். சஞ்சிகைக்குக் கட்டுரை அனுப்பும் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகள் காட்டும். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். முருகையாவின் மகன் சிவகுமார் என்று வைத்துக்கொள்வோம். 'முதற்பெயர்' என்ற இடத்தில் தன் சொந்தப் பெயரைப் போட்டு, 'குடும்பப்பெயர்' என்ற இடத்தில் தந்தை பெயரைப் போடுவான். அது நியாயமாகத்தான் படும். கட்டுரை வெளியாகும்போது உலகம் அதை 'முருகையா, சி.' என்று மேற்கோள் காட்டும். கட்டுரை எழுதியவர் முருகையா ஆகிவிடுவார். அடுத்த கட்டுரையில் யாரோ திருத்திச் சொல்ல, 'சிவகுமார், மு.' என்று வரும். பட்டியல்களில் இப்போது இரண்டு விஞ்ஞானிகள். பெண்ணானால் இன்னொரு திருப்பம்: திருமணத்தின் பின் தந்தையின் முதலெழுத்துப் போய்க் கணவரின் முதலெழுத்து வரும், அவளுடைய முற்பகுதி உழைப்பு வேறொருத்தியின் கணக்கில் நின்றுவிடும்.

ஒரே குடும்பத்தில் நோபல் பரிசு பெற்ற இருவரை எடுத்துப் பாருங்கள். சந்திரசேகர ஐயரின் மகன் வெங்கடராமன். அவருடைய சொந்தப் பெயரே இரண்டாக வெட்டுப்பட்டு, உசாத்துணைகளில் 'ராமன், சி.வி.' ஆயிற்று. 1928இல் கே.எஸ். கிருஷ்ணனோடு நேச்சர் இதழின் 121ஆம் தொகுதி, 501ஆம் பக்கத்தில் எழுதிய குறிப்பு அந்தப் பெயரில்தான் உலகெங்கும் நிற்கிறது. அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். சுப்பிரமணியன் என்பது தந்தையின் பெயர். உசாத்துணையில் 'சந்திரசேகர், எஸ்.' என்று வரும்போது சொந்தப் பெயரே முன்னால் நின்றது. இந்தச் சிக்கல் தமிழருக்கு மட்டும் என்றும் இல்லை. மேலே சொன்ன வார்டைச் சிலர் 'மார்ஷல் வார்டு, எச்.' என்றும் எழுதுகிறார்கள், ஒரே மனிதர் அகரவரிசையில் இரண்டு இடத்தில் இருக்கிறார்.

மலையகத்தில் இது வெறும் நூலகச் சிக்கலோடு நிற்காது. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து என்று பெயர் சிதைந்து கிடப்பது இங்கே பழைய காயம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இந்த நாட்டில் பிறந்தார் என்பதற்குச் சான்று கேட்டது. கடதாசி இல்லாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்தச் சட்டத்தைக் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தேயிலையின் மணத்தையும் மண்ணையும் ஆராய்ந்து எழுதுகிறார்கள். அவர்கள் பெயர் உலக ஆய்வுப் பட்டியல்களில் ஒரே வடிவத்தில், பிழையில்லாமல் நிற்கவேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

அதற்கு வழியும் இருக்கிறது. 2012இல் தொடங்கிய ஓர்கிட் என்ற அமைப்பு, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க எண் ஒன்றை இலவசமாகத் தருகிறது. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. கட்டுரைகளுக்கும் இப்படி ஒரு நிலையான எண் உண்டு. 10 என்று தொடங்கும் அது, சஞ்சிகை கைமாறினாலும் இணையத்தில் கட்டுரையைக் கண்டுபிடித்துத் தரும். பழைய கட்டுரைகளுக்கு இன்னொரு கவனம் வேண்டும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1928இல் தொடங்கிய டீ குவாட்டர்லி பிறகு பெயர் மாறியது, நாடே 1972இல் சிலோனிலிருந்து ஸ்ரீலங்கா ஆனது. 1950இன் கட்டுரைக்கு 1950இல் அச்சான பெயரையே போடவேண்டும். இன்றைய பெயரை ஏற்றினால், நூலகத்தில் தேடுகிறவர் அந்தத் தொகுதியைக் காணமாட்டார்.

பதுளையிலோ பண்டாரவளையிலோ இருந்து முதல் கட்டுரையை அனுப்பப் போகிற தம்பி, தங்கைகளுக்குச் சொல்ல மூன்றே உண்டு. உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எந்த எழுத்துகளில், எந்த வரிசையில் எழுதுவது என்று அனுப்புமுன் முடிவுசெய்து, சாகும்வரை அதை மாற்றாதீர்கள். குடும்பப்பெயர்ப் பெட்டியில் உங்கள் சொந்தப் பெயரைப் போடுங்கள். பட்டியலில் சேர்க்கும் ஒவ்வொரு கட்டுரையையும் ஒரு தடவையாவது திறந்து, பக்க எண்ணை உங்கள் கண்ணாலேயே பார்த்து எழுதுங்கள்.